துருக்கியில் படிக்கப் போகும் முன் ஒரு வருட மொழிப் படிப்பு: போய் வந்தவர்கள் சொல்கிறோம்

அங்காரா, சிவில் இன்ஜினியரிங். சொந்த ஊர் மதுரை.

துருக்கி அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கும் தம்பி ஒருவர், "ஒரே வருடத்தில் ஒரு மொழியைக் கற்று, அதிலேயே பொறியியல் படிக்க முடியுமா அண்ணா?" என்று கேட்டிருந்தார். முடியும். நான் படித்தேன், என்னோடு இருந்த பலரும் படித்தார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், மற்றவர்களும் சொல்லுங்கள்.

முதலில் ஏற்பாடு என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். உதவித்தொகையின் பெயர் 'துர்க்கியே புர்ஸ்லாரு'. வழக்கமாக ஜனவரி 10 முதல் பிப்ரவரி 20 வரை விண்ணப்பம் வாங்குவார்கள். தேர்வானால் பட்டப்படிப்புக்கு முன்னால் ஒரு வருடம் மொழி படிக்க வேண்டும். சொல்லித் தரும் இடத்துக்குத் தோமெர் என்று பெயர். அங்காரா பல்கலைக்கழகம் தன் தோமெரை 1984-இல் தொடங்கியது, இப்போது நாடு முழுக்கப் பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. ஏ1 என்ற ஆரம்ப நிலையில் தொடங்கி சி1 என்ற உயர் நிலை வரை ஒவ்வொரு நிலைக்கும் பரீட்சை உண்டு. உங்கள் பாடம் துருக்கிய மொழியில் நடக்கும் என்றால் சி1 கையில் இருக்க வேண்டும்.

வகுப்பில் முதல் நாளிலிருந்தே ஆங்கிலம் கிடையாது. சுற்றிப் பார்த்தால் மனசு கொஞ்சம் தளரும். கிர்கிஸ், உஸ்பெக் பிள்ளைகளுக்கு அது பங்காளி மொழி. அரபு பேசுகிறவர்களுக்குச் சொற்கள் நிறைய முன்பே தெரிந்திருக்கும். நமக்கு என்ன இருக்கிறது என்று தோன்றும். நமக்கு இருப்பது வாக்கியத்தின் எலும்புக்கூடு. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: துருக்கிய மொழியை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள். தமிழிலிருந்து நேராகப் போங்கள்.

'கெலென் ஆதாம்' என்பதை விளக்க ஆங்கில இலக்கணப் புத்தகம் பெரிய பாடமே நடத்தும். தமிழில் அது 'வந்த ஆள்', அவ்வளவுதான். 'ஒகுதூம் கிதாப்' என்றால் 'நான் படித்த புத்தகம்'. 'கெல்தி' வந்தான், 'கெல்தி மி?' வந்தானா? 'சென் மி கெல்தின்?' என்றால் 'நீயா வந்தாய்?' நாம் 'ஆ'வை எந்தச் சொல்லோடு ஒட்டிக் கேட்கிறோமோ, அந்த இடத்தில் அவர்கள் 'மி'யை வைக்கிறார்கள். 'கெலெஜெக் தியே பெக்லெதிம்' என்பது 'வருவான் என்று காத்திருந்தேன்'. அந்த 'தியே' அச்சு அசலாக நம் 'என்று'. அதுவும் 'சொல்' என்ற வினையிலிருந்து வந்ததுதான். நாம் 'புத்தகம் கித்தகம்' என்று பேசுவது போல அவர்கள் 'கிதாப் மிதாப்' என்பார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, பிரெஞ்சில் படித்து வளர்ந்த ஆப்பிரிக்க நண்பன், வாக்கியம் முடியும் வரை வினைக்காகக் காத்திருப்பதே தலைவலி என்பான். நமக்கு அது பிறவிப் பழக்கம்.

இதை வைத்து இரண்டும் ஒரே குடும்பம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். துருக்கியக் குடும்பம் வேறு, திராவிடக் குடும்பம் வேறு. அமைப்பு ஒத்துப்போகிறது, படிக்கிறவனுக்கு அது போதும்.

ஆனால் வாக்கியம் புரிவது வேறு, வாய் திறப்பது வேறு. என் வாயைத் திறந்துவிட்டது தோல்முஷ். குறிப்பிட்ட வழியில் ஓடும் ஷேர் வேன் அது. பின்னால் உட்கார்ந்தவர்கள் காசை முன்னால் இருப்பவரிடம் கொடுக்க, அது கை மாறி மாறி ஓட்டுநரிடம் போகும். சில்லறை அதே வழியில் திரும்பி வரும். நெரிசலான டவுன் பஸ்ஸில் நடக்குமே, அதேதான். நான் வேண்டுமென்றே ஓட்டுநருக்கு நேர் பின்னால் உள்ள இருக்கையைப் பிடிப்பேன். அங்கே உட்கார்ந்தால் வண்டியில் உள்ள எல்லார் காசும் நம் கை வழியாகத்தான் போக வேண்டும். காசோடு ஒரு வாக்கியமும் வரும்: "இரண்டு பேர், கிஸிலாய். ஒருவர் மாணவர்." அதை அப்படியே ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும். சில்லறையை எண்ணித் திருப்பிக் கொடுக்கும்போது யாருடையது என்று கேட்க வேண்டும். ஓட்டுநர் ரேடியோவை சத்தமாக வைத்திருப்பார், கூட்டத்தில் ஆளுக்கு ஆள் உச்சரிப்பு மாறும். வகுப்பில் எத்தனை முறை திருப்பிச் சொன்னாலும் படியாத எண்களும் ஊர்ப் பெயர்களும் அங்கே படிந்தன. இறங்கும்போது 'இனெஜெக் வார்' என்று குரல் கொடுக்க வேண்டும், அதாவது 'இறங்க ஆள் இருக்கு'. அதை முதல் தடவை தயங்காமல் சத்தமாகச் சொல்லி, வண்டி எனக்காக நின்றபோது வந்த சந்தோஷம் பரீட்சை பாஸானபோதுகூட வரவில்லை.

கொன்யா, மருத்துவம். சொந்த ஊர் கல்முனை.

அண்ணா இலக்கணத்தைச் சொல்லிவிட்டார், நான் உச்சரிப்பைப் பற்றிச் சொல்கிறேன். 1928-இல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறினார்கள். மொத்தம் 29 எழுத்துகள், அதில் 8 உயிர். எழுதியபடி வாசிக்கலாம் என்பது பெரிய நிம்மதி. புள்ளி வைக்காத ஐ (ı) என்று ஓர் எழுத்து உண்டு, வெளிநாட்டுப் பிள்ளைகள் பலர் அதில் நெடுநாள் திண்டாடுவார்கள். 'காசு' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஓர் உகரம் வருகிறதே, பள்ளிக்கூடத்தில் குற்றியலுகரம் என்று படித்தோமே, அது கிட்டத்தட்ட அந்த ஒலிதான். எங்கள் ஆசிரியை என்னை எழுப்பிச் சொல்லச் சொல்லி மற்றவர்களைக் கேட்க வைத்தார். ஆனால் இரட்டைப் புள்ளி வைத்த இரண்டு எழுத்துகளும் (ö, ü) நம்மிடம் இல்லை. உதட்டை 'ஓ'வுக்குக் குவித்துக்கொண்டு 'ஏ' சொல்லுங்கள்; 'ஊ'வுக்குக் குவித்து 'ஈ' சொல்லுங்கள். கண்ணாடி முன்னால் நின்று பழகுவது நல்லது.

உயிர் ஒத்திசைவு என்று ஒன்று வரும். வீடு 'எவ்', வீடுகள் 'எவ்லெர்'. பள்ளி 'ஒகுல்', பள்ளிகள் 'ஒகுல்லார்'. சொல்லின் கடைசி உயிரைப் பார்த்து விகுதி தன்னை மாற்றிக்கொள்ளும். விதியை மனப்பாடம் செய்து பேச முடியாது. நிறையக் கேட்டால் காதே சொல்லிவிடும்.

எங்கள் பக்கத்தில் பள்ளிவாசலைச் சுற்றிய குடியிருப்பை மஹல்லா என்போம். இங்கே ஊரின் ஒவ்வொரு பகுதியும் 'மஹல்லெ'. சட்டை ஜேப்பு இங்கே 'ஜெப்', கைப்பேசிக்கும் 'ஜெப் தெலெஃபோனு' என்றுதான் பெயர். இப்படி அரபிலிருந்து இரண்டு பக்கமும் போன சொற்கள் முதல் மாதங்களில் கை கொடுக்கும்.

இனி ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சி1 வாங்கினால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். தோமெரில் ஆசிரியை நமக்காக நிறுத்தி நிதானமாகப் பேசுவார். முன்னூறு பேர் உட்காரும் விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் யாருக்காகவும் நிறுத்த மாட்டார். அங்கே வருவது பேச்சுத் துருக்கி. 'நே யாபுயோர்சுன்' (என்ன செய்கிறாய்) என்று புத்தகத்தில் படித்தது 'நாப்யோசுன்' என்று சுருங்கி விழும். நமக்கு எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் தனித்தனி என்பதால் மனம் ஏற்றுக்கொள்ளும், ஆனாலும் காது பழகக் காலம் எடுத்தது. எனக்கு உதவியது சீனியர்களின் பாடக் குறிப்புகள். மறுநாள் வகுப்புக்கு உரியதை முதல் நாள் இரவே வாசித்துவிட்டுப் போனால், கேட்பது பாதிக்கு மேல் பிடிபடும். அப்படி வாசிக்காத நாட்களில் வகுப்பில் உட்கார்ந்து பயனில்லை.

மருத்துவம் இங்கே 6 வருடம். நோயாளிகளோடு பேச ஆரம்பித்த காலத்தில், கிராமத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவரிடம் விவரம் கேட்டு எழுதச் சொன்னார்கள். அந்த ஊர்ப் பக்கத்துப் பேச்சு, போதாததற்குப் பற்களும் விழுந்திருந்தன. எனக்குக் கை நடுங்கியது. "என்ன செய்கிறது அம்ஜா?" என்று கேட்டேன். அம்ஜா என்றால் அப்பாவின் சகோதரர். முன்பின் தெரியாத பெரியவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், நாம் எல்லோரையும் முறை வைத்துக் கூப்பிடுவது போல. 'பாஷும் தோனுயோர்' என்றார். என் தலை சுற்றுகிறது. 'மிதெம் புலானுயோர்' என்றார். வயிறு கலங்குகிறது. கல்முனையில் என் வாப்பும்மா (அப்பாவின் அம்மா) சொல்லும் அதே வார்த்தைகள்! அதற்குப் பிறகு ஒன்றும் பயமில்லை, எப்போதிலிருந்து, படுத்தால் எப்படி, எழுந்தால் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். கிளம்பும்போது 'அல்லாஹ் ஸிஹின் ஆச்சிக்லிய் வெர்சின்' என்று வாழ்த்தினார். இறைவன் தெளிந்த புத்தியைத் தரட்டும் என்று படிக்கிற பிள்ளைகளுக்கு இங்கே பெரியவர்கள் சொல்வது அது. பரீட்சை நாளில் பக்கத்து வீட்டுத் தெய்ஸெயும் (பெரியம்மா, சின்னம்மா முறை) அதைச் சொல்லித்தான் அனுப்புவார்.

இஸ்தான்புல், முதுகலை. சொந்த ஊர் திருச்சி.

என் படிப்பு ஆங்கிலத்தில். இஸ்தான்புல்லில் போஆஸிச்சி, அங்காராவில் ஒதெதெயு (மத்திய கிழக்குத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) போன்ற பல்கலைக்கழகங்களில் பாடமே ஆங்கிலம்தான், அதனால் மொழி வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேண்டும். தங்கும் அனுமதிக்குப் போக வேண்டும், 99 என்று தொடங்கும் வெளிநாட்டவர் எண் வாங்க வேண்டும், வீட்டு முகவரியைப் பதிய வேண்டும், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நான் போன ஓர் அலுவலகத்தில் ஒருவருக்கும் ஆங்கிலம் வரவில்லை. எந்தக் காகிதம் குறைகிறது என்று தெரியாமலே திரும்ப அனுப்பிவிட்டார்கள். துருக்கிய மொழியையும் பண்பாட்டையும் பரப்பும் யூனுஸ் எம்ரே நிறுவனம் இணையத்தில் இலவசமாகவே பாடம் நடத்துகிறது. அதில் ஏ2 வரை முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள். அப்புறம், வேலை செய்துகொண்டிருப்பவர் யாரிடம் பேசினாலும் முதலில் 'கொலாய் கெல்சின்' என்று சொல்லிப் பாருங்கள். 'வேலை சுலபமாக நடக்கட்டும்' என்று அர்த்தம். அதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் முகம் மாறும், நம் அரைகுறை வாக்கியத்தைக் கேட்கவும் பொறுமை வரும்.

அங்காரா, சிவில் இன்ஜினியரிங்.

தங்கை சொன்ன 'முதல் நாள் இரவே வாசிப்பது' எனக்கும் பொருந்தியது. பொறியியல் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. நம் தனித்தமிழ் இயக்கம் போல, அங்கேயும் 1930-களில் அரபுச் சொற்களை எடுத்துவிட்டு சொந்த வேர்களிலிருந்து கலைச்சொற்கள் செய்தார்கள். துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க்கே வடிவியல் சொற்களுக்காக ஒரு சிறு நூல் எழுதினார், 1937-இல் வந்தது. 'முசெல்லெஸ்' என்று இருந்த முக்கோணம் 'உச்கென்' ஆனது. 'உச்' என்றால் மூன்று. கணினி 'பில்கிசாயார்', அதில் 'பில்கி' என்றால் அறிவு, 'சாயார்' என்றால் எண்ணுவது. வேர் தெரிந்தால் புதுச் சொல் தானாக உடையும். அதனால் சொல் பட்டியலை உருப்போடுவதை விட வேர்களை எழுதி வையுங்கள்.

உதவித்தொகை கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. டிஆர்-யோஸ் என்ற நுழைவுத் தேர்வை 2023 முதல் அரசின் தேர்வு மையமே நடத்துகிறது, ஆங்கிலத்திலும் எழுதலாம். இடம் கிடைத்தால் சொந்தச் செலவில் தோமெரில் சேரலாம். கட்டணம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் சேரும் முன் அந்தந்தப் பல்கலைக்கழகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

தம்பி, முடிவு வந்து எந்த ஊர் என்று தெரிந்ததும் சொல்லுங்கள். அங்காரா என்றால் விடுதி விஷயத்தை நான் பார்த்துச் சொல்கிறேன், கொன்யா என்றால் தங்கையிடம் கேளுங்கள்.