மகளின் செஸ் ஆட்டம் டிராவான இடத்தை எப்படிப் படிப்பது?

யாழினி_அம்மா:
போன வாரம் 13 வயதுக்குட்பட்டோர் மாவட்டப் போட்டியில் மகள் வெள்ளைக் காயில் ஆடினாள். ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் டிரா. மூவ்களை எழுதிய ஸ்கோர்ஷீட்டை லிசெஸ் என்ற செஸ் தளத்தில் ஏற்றி, ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் என்ஜினை (மூவ்களை அலசும் மென்பொருள்) ஓடவிட்டால் ஏழெட்டு இடத்தில் தப்பு காட்டுகிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது? கடைசியில் வெள்ளை ராஜா டி3, சிப்பாய் இ2, கறுப்பு ராஜா இ5 (எழுத்து பலகையின் நெடுவரிசை, எண் கிடைவரிசை). இவள் மூவ். சிப்பாயை இ4-க்குத் தள்ளினாள்.

மதுரை_யானை:
அக்கா, முதலில் என்ஜினை மூடுங்கள். ஓபனிங்கில், அதாவது தொடக்க மூவ்களில், அரை சிப்பாய் அளவுக்குக் காட்டும் வித்தியாசமெல்லாம் இந்த வயதில் ஆட்டத்தைத் தீர்மானிப்பதில்லை. நீங்கள் சொன்ன அந்த ஒரு நிலையிலேயே பாடம் இருக்கிறது.

அங்கே ராஜா இ3 வந்தால் வெற்றி. இரண்டு ராஜாவும் எதிரும் புதிருமாக நிற்கும், மூவ் கறுப்புக்கு, அது விலகியே ஆக வேண்டும். டி5 போனால் நாம் எஃப்4, எஃப்5 போனால் நாம் டி4. பின்வாங்கி இ6 போனால் நாம் இ4. சிப்பாய் இ2-இல் இருக்கும்போது டி4, இ4, எஃப்4 மூன்றில் ஒன்றை ராஜா பிடித்துவிட்டால் போதும். பிறகு ராஜாவை நகர்த்தாமல் சிப்பாயை இ3-க்குத் தள்ளும் ஒரு உபரி மூவ் கைவசம் இருக்கிறது, அதுதான் சொத்து. இ4 தள்ளியதும் அந்தச் சொத்து போய்விட்டது: கறுப்பு இ6, நாம் டி4, அது டி6, அப்புறம் வழியே இல்லை.

இதை விளக்கிச் சொல்லாதீர்கள். பலகையில் காயை வைத்து, நீங்கள் கறுப்பாக உட்காருங்கள். அவளே ஜெயிக்கும்வரை ஆடட்டும். பிறகு பக்கம் மாறி, இ4 தள்ளிய நிலையில் அவள் டிராவைக் காப்பாற்றட்டும். அன்று அந்த மூவுக்கு முன் என்ன நினைத்தாள், கடிகாரத்தில் எவ்வளவு நேரம் இருந்தது, இரண்டையும் ஸ்கோர்ஷீட் ஓரத்தில் அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் நான் ஒவ்வொரு போட்டி முடிந்ததும் கேட்பது இதைத்தான். என்ஜினுக்கு மூவ் தெரியும், அவள் ஏன் அவசரப்பட்டாள் என்று தெரியாது.

யாழினி_அம்மா:
நன்றி சார். ஆனால் இவ்வளவு சின்ன முடிவாட்டம் எத்தனை தடவை வரப்போகிறது?

சிப்பாய்_நடை:
2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகச் சாம்பியன்ஷிப் 14-ஆவது ஆட்டம் இப்படித்தான் முடிந்தது. குகேஷ் கறுப்பு, ஒரு சிப்பாய் கூடுதல். அப்போதைய சாம்பியன், சீனாவின் டிங் லிரன் 55-ஆவது மூவில் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். யானைகள் மாறின, அடுத்து மந்திரிகளும் (பிஷப்) மாறின, மிச்சம் ராஜாவும் சிப்பாயும்தான். டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். யானையும் மந்திரியும் பலகையில் இருக்கும்போதே அந்தச் சிப்பாய் முடிவாட்டம் யாருக்கு என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இதைச் சின்ன வயதிலேயே படிக்கச் சொல்கிறோம்.

மதுரை_யானை:
ஆமாம். அக்கா, உங்கள் மகள் கடைசி யானையை எந்த மூவில் மாற்றினாள்? மாற்றும்போது இந்த நிலை அவள் கண்ணில் பட்டதா என்று கேளுங்கள். அங்கிருந்து கடைசிவரை மூவ்களை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.