டர்பன் கடற்கரையில் ஷாட் மீன்: ஆளுக்கு நான்கு என்ற வரம்பு போதுமானதா?

கேள்வி: நாகைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். நாகப்பட்டினத்தைச் சேர்ந்த நான் வேலை நிமித்தமாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். ஜூன், ஜூலை மாதங்களில் சாளைக் கூட்டங்கள் கரையோரமாக வடக்கு நோக்கி வரும்போது, அவற்றைத் துரத்திக்கொண்டு ஷாட் மீனும் வந்து சேர்கிறது. அந்த நாட்களில் பொழுது விடிவதற்கு முன்பே மணற்பரப்பிலும் அலைதடுப்புக் கற்கள்மீதும் தூண்டில்காரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நானும் முறைப்படி அனுமதிச் சீட்டு பெற்று அவர்களோடு நிற்பவன்தான்.

ஷாட் 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஒருவர் ஒரு நாளில் நான்கு மீனுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை பிடிக்கவே கூடாது என்பது இங்குள்ள விதி. ஆனால் ஒரு சாண் நீளம்கூட இல்லாத குஞ்சுகளைப் பலர் பையில் போட்டுக்கொள்வதைப் பார்க்கிறேன். கேட்டால், “கப்பல் வைத்து வாரிக்கொண்டு போகிறவர்களைக் கேளுங்கள், ஒற்றைத் தூண்டிலால் கடல் வற்றிவிடுமா?” என்கிறார்கள். எங்கள் ஊரிலும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். தூண்டில்காரனை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆகவே அவர்கள் சொல்வதை என்னால் உடனே மறுக்கவும் முடியவில்லை. கரையில் நின்று பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர்களால் ஒரு மீனினத்தை உண்மையிலேயே குறைத்துவிட முடியுமா?

பதில் 1: அலைவாய்

நண்பருக்கு வணக்கம். முடியும், இந்த நாட்டில் அது நடந்தும் இருக்கிறது. 1990களின் நடுவில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு, தென்னாப்பிரிக்காவில் கரையிலிருந்து தூண்டில் போடுபவர்கள் சுமார் நான்கு இலட்சம் பேர் என்று மதிப்பிட்டது. ஆளுக்கு இத்தனை மீன் என்ற வரம்பு ஒவ்வொருவர் கையையும் தனித்தனியாகக் கட்டுகிறதே தவிர, எத்தனை கைகள் என்பதற்கு வரம்பே இல்லை. ஒரு தூண்டில்காரருக்குத் தன் பையில் உள்ள நான்கு மீன்தான் தெரியும். கடல் கொடுப்பதோ எல்லாப் பைகளையும் சேர்த்த தொகை.

கப்பல்களைக் காட்டிச் சொல்லும் வாதம் இங்கே பொருந்தாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் கரையிலிருந்து பிடிக்கும் மீன்களில் பல, தூண்டில் எட்டும் தொலைவுக்குள் இருக்கும் குறுகிய நீர்ப்பட்டையிலேயே பெரும்பாலும் வாழ்பவை. இந்நாட்டின் தேசிய மீனான கல்யூனை எடுத்துக்கொள்ளுங்கள். டர்பன் கடலாராய்ச்சி நிலையம் 1984 முதல் தூண்டில்காரர்களின் துணையோடு மீன்களுக்கு அடையாளக் குறியிட்டு விட்டுவருகிறது. அப்படிக் குறியிடப்பட்ட கல்யூன்களில் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கிடைத்தாலும், மீண்டும் சிக்கியவற்றில் பெரும்பாலானவை விட்ட இடத்தை ஒட்டியே சிக்கின. தன் பாறையை விட்டு நகராத மீனை அதே பாறையில் நின்று நாள்தோறும் பிடித்தால், அங்கே கப்பல் வரவேண்டிய தேவையே இல்லை. இந்நாட்டின் தெற்குக் கரையிலுள்ள டி ஹூப் கடற்கரை 1980களின் நடுவில் காப்பகமாக்கப்பட்டுத் தூண்டில் நிறுத்தப்பட்டபின், ஆய்வாளர்கள் அதே தூண்டிலால் சோதித்துப் பார்த்தபோது, சில ஆண்டுகளுக்குள்ளாகவே கல்யூன் உள்ளிட்ட பல கரையோர மீன்கள் முன்பைவிடத் தெளிவாக அதிகமாகக் கிடைத்தன.

ஷாட் வலசை போகும் மீன் என்பதால் அதன் கதை சற்று வேறு. வசந்தத்தில், டர்பன் அமைந்துள்ள இந்த நேட்டால் கரையோரம் முட்டையிடுகிறது. முட்டைகளும் குஞ்சுகளும் அகுல்ஹாஸ் நீரோட்டத்தில் தெற்கே அடித்துச் செல்லப்பட்டு, கேப் பகுதிக் கரையோரங்களில் வளர்ந்து, மீண்டும் இங்கே திரும்பி வருகின்றன. அக்டோபர், நவம்பர் தடை அந்த முட்டையிடும் காலத்தைக் காப்பதற்காகவே. 1970களில் ஷாட் வெகுவாகக் குறைந்தபோதுதான் அளவு, எண்ணிக்கை, காலம் ஆகிய கட்டுப்பாடுகள் வந்தன. அவற்றுக்குப் பின் அது தேறியது. தேறியதற்கு முக்கியக் காரணம், ஷாட் ஏறத்தாழ 25 சென்டிமீட்டரில் முதிர்ந்துவிடுகிறது, சட்டம் 30 கேட்கிறது என்பதே. அதாவது நம் கைக்கு வருமுன் ஒருமுறையாவது முட்டையிட அதற்கு வாய்ப்பிருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, நம் ஊர்க் கத்தாழை இனத்தைச் சேர்ந்த காப் மீனைப் பாருங்கள். அது முதிர ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமும் ஐந்தாறு ஆண்டுகளும் ஆகும். கழிமுகத்திலும் கரையிலும் அதற்கான குறைந்தபட்ச அளவு 60 சென்டிமீட்டர்தான். சட்டப்படி பிடிப்பவர்கூடக் குஞ்சைத்தான் கொண்டுபோகிறார். 1990களின் ஆய்வுகள், முட்டையிடும் வயதுள்ள காப் மீன்களின் மொத்த எடை, மீன்பிடிப்பு தொடங்கியிராத நிலையில் இருந்திருக்கக்கூடியதில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்று கண்டன. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் தூண்டில் மீன்வளத்துக்கே அரசு நெருக்கடி நிலை அறிவித்தது இப்படிப்பட்ட கணக்குகளை வைத்துத்தான். ஆகவே உங்களுக்குப் பக்கத்தில் நிற்பவர் ஒரு சாண் ஷாட்டைப் பையில் போடும்போது, இருப்பதிலேயே நன்றாக வேலை செய்யும் விதியை உடைக்கிறார். எண்ணிக்கையை மீறுவதைவிட அளவை மீறுவதே பெரிய கேடு என்பது என் உறுதியான கருத்து.

பதில் 2: சாட்ஸ்வொர்த்வாசி

அலைவாய் ஐயா சொன்ன அறிவியலை நான் மறுக்கவில்லை. ஆனால் கரையில் நிற்பவர்கள் எல்லோரையும் பொழுதுபோக்குக்காரர்கள் என்று ஒரே வரியில் அடக்கிவிடுவது எனக்கு உறுத்துகிறது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை இங்கே கொண்டுவந்து இறக்கிய பிறகு, ஒப்பந்தம் முடிந்தவர்களில் சிலர் டர்பன் வளைகுடாவில் வலை போட்டே பிழைத்தார்கள். பின்னாளில் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் அந்த மீனவக் குடும்பங்களைக் கரையிலிருந்து பெயர்த்து, கடல் கண்ணில் படாத இடங்களில் கொண்டுவந்து போட்டது. அவர்களுடைய வழித்தோன்றல்களில் சிலர் இன்றும் பேருந்து ஏறிப் போய், இரவெல்லாம் கல்லின்மேல் நின்று, கிடைத்ததைக் கொண்டுவந்து வீட்டில் குழம்பு வைக்கிறார்கள். நான்கு சக்கர விசை வண்டியில் விலையுயர்ந்த கோல்களோடு வந்து இறங்குகிறவரும் அவரும் வாங்குவது ஒரே அனுமதிச் சீட்டு.

சிறு அளவில் மீன்பிடித்துப் பிழைப்பவர்களுக்கெனத் தனிக் கொள்கையை அரசு 2012இல் வெளியிட்டதே இந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டதால்தான். வரம்பை இன்னும் குறைக்க வேண்டுமானால் பொழுதுபோக்குக்காக வருபவரிடமிருந்து முதலில் குறையுங்கள். கடற்கரையில் வண்டி ஓட்டுவதற்கு 2001 டிசம்பரில் தடை அறிவித்தபோது எத்தனை கூச்சல் எழுந்தது! ஆனால் நடந்து போக முடியாத தொலைவில் இருந்த கரைகளுக்கு அந்தத் தடையால்தான் ஓய்வு கிடைத்தது. ஏழையின் குழம்புச் சட்டிக்கு அதனால் எந்த இழப்பும் இல்லை.

பதில் 3: அலைவாய்

வண்டித் தடை பற்றியும் நீதி பற்றியும் நீங்கள் சொல்வதை முழுமனதாக ஏற்கிறேன். எண்ணிக்கை வரம்பில் இருவருக்கும் வேறுபாடு காட்டலாம், காட்டவும் வேண்டும். ஆனால் அளவு வரம்பில் காட்ட முடியாது என்றே நினைக்கிறேன். முட்டையிடாத ஷாட்டை யார் பிடித்தாலும் அடுத்த ஆண்டு வரவேண்டிய கூட்டம் சிறுத்துவிடும்; அப்போது வேறு இடத்துக்கு வண்டியில் போக முடியாதவர்தான் முதலில் வெறுங்கையோடு திரும்புவார்.

“இந்த ஆண்டும் நன்றாகத்தான் கிடைக்கிறது, எங்கே குறைந்துவிட்டது?” என்ற பேச்சையும் நம்பிவிட வேண்டாம். ஷாட் கூட்டமாகவே திரியும் மீன். மொத்தத்தில் பாதியாகக் குறைந்தாலும், மிச்சமிருப்பவை ஒன்றுசேர்ந்தே வரும். கூட்டம் எதிரே இருக்கும் அரைமணி நேரத்தில் போட்ட தூண்டிலெல்லாம் இழுபடும். வரும் கூட்டங்களின் எண்ணிக்கை குறைவது கரையில் நிற்பவர் கண்ணுக்கு வெகு காலம் தென்படாது.

நாகைக்காரன்

இருவருக்கும் மிக்க நன்றி. இனிமேல் 30 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை விட்டுவிடுவதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விட்ட மீன் வயிற்றைக் காட்டி மிதந்து போவதையும் பார்த்திருக்கிறேன். அப்படியானால் விட்டு என்ன பயன்?

பதில் 4: கல்லணைத் தூண்டில்

அந்த மீன் பெரும்பாலும் கையாண்ட விதத்தால் செத்திருக்கும். பளபளக்கும் உலோக இரையில் கோத்து விற்கப்படும் மும்முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுங்கள்; முள் கழன்றுவிடாதபடி அதன் நுனியருகே பின்னோக்கி நிற்கும் எதிர்ச்செதிலையும் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மும்முள் வாயில் ஒன்றும் செவுளில் ஒன்றுமாகக் குத்திக்கொள்ளும். ஷாட்டின் பல்லுக்குப் பயந்து நாம் அதைப் பிடுங்கிக்கொண்டு நிற்கும் நேரத்திலேயே செவுள் கிழிந்துவிடும். மீனை உலர்ந்த மணலில் இழுக்காதீர்கள், உலர்ந்த துணியாலும் பிடிக்காதீர்கள். உடம்பின் மேலுள்ள வழவழப்பு போனால் தோல் புண்ணாகிவிடும். கையையும் துணியையும் கடல்நீரில் நனைத்துக்கொண்டு, முன்கூட்டியே கோலில் 30 சென்டிமீட்டரைக் குறித்துவைத்து, மூக்கு நுனி முதல் வால் நுனி வரை ஒரே பார்வையில் அளந்துவிடுங்கள். முள்ளை விழுங்கிவிட்டிருந்தால் தோண்டாமல் தூண்டில் நரம்பை (இழையை) வாயருகே வெட்டிவிட்டு, அலை பின்வாங்கும்போது தண்ணீரில் இறங்கி விடுங்கள். தூக்கி எறிய வேண்டாம்.

தொடர்ந்து குஞ்சுகளாகவே மாட்டினால் அந்த இடத்தில் நிற்கும் கூட்டமே குஞ்சுக் கூட்டம் என்று பொருள். அப்போது கோலைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் பார்ப்பது நல்லது. நான்கு மீன் சேர்ந்த பிறகும் “பிடித்து விடுகிறேன்” என்று நின்றுகொண்டிருக்காதீர்கள். விட்டவற்றில் சில எப்படியும் சாகும், அவை எந்தக் கணக்கிலும் வராது.