புதுப்பிப்பு: கால் எரிச்சலுக்கு எழுதிய அமிட்ரிப்டிலின்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சர்க்கரையால் வந்த கால் எரிச்சலுக்கு அம்மாவுக்கு அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதியிருந்தார்கள். தேடினால் மனச்சோர்வு மாத்திரை என்று வருகிறதே, மாற்றி எழுதிவிட்டார்களா என்று இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தேன்.

மாற்றவில்லை. இது 1950களில் இமிப்ரமின் என்ற மருந்தோடு தொடங்கிய, டிரைசைக்ளிக் எனப்படும் பழைய மனச்சோர்வு மருந்து வகை. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ரசாயனங்களான செரட்டோனினையும் நார்எபிநெப்ரினையும் நரம்பு முனைகள் திரும்ப உறிஞ்சாமல் தடுக்கிறது; அதனால் தண்டுவடத்தில் வலிச் செய்தியும் அடங்குகிறது. மனச்சோர்வுக்கு 75 மி.கி., அதற்கு மேலும் போவார்கள். வலிக்குக் குறைந்த அளவிலேயே தொடங்குவார்கள்.

முதல் வாரம் பலன் இல்லை. காலை பதினோரு மணிவரை தூங்கி வழிந்தார். டாக்டரிடம் கேட்டுவிட்டு இரவு எட்டு மணிக்கே கொடுத்துப் பாருங்கள் என்று இங்கே ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. போர்வை பட்டாலே காலை இழுத்துக்கொள்பவர், மூன்றாம் வாரம் போர்த்திக்கொண்டு தூங்கினார். எரிச்சல் பாதிதான் குறைந்திருக்கிறது, ஆனால் தூக்கம் வந்துவிட்டது.

எதிர்பாராதது பல்செட். எச்சில் வற்றியதால் ஒட்டாமல் கழன்று, இட்லிகூட மெல்ல முடியவில்லை. நாங்கள் செட்டைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்! இப்போது அடிக்கடி ஒரு மடக்கு தண்ணீர். மலச்சிக்கலும் உண்டு, கொய்யாப்பழத்தில் சமாளிக்கிறோம்.

அப்புறம், இதய நோய், கண் அழுத்தம், சிறுநீர் அடைப்பு இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திடீரென்று நிறுத்தவும் கூடாது.