முசுறுக் கூட்டத்துக்குள் ஒரு நண்டுச் சிலந்தி: நீங்கள் பார்த்ததுண்டா?

முசுறு எறும்பு கூடு கட்டிய மரத்தடியில் யாரும் வேண்டுமென்று போய் நிற்பதில்லை. சட்டைக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பது கடி வாங்கியவர்களுக்குத் தெரியும். ஆனால் அமிசியேயா ஃபோர்டிசெப்ஸ் என்ற சிலந்தியைப் பார்க்க ஆசைப்பட்டால் அங்கேதான் நின்றாக வேண்டும்.

நான் பார்த்தது மாமரத்தில். நிறம் அப்படியே முசுறின் செம்மஞ்சள், அளவில் மட்டும் கொஞ்சம் சிறிசு. எறும்புகள் சாரிசாரியாகப் போகும் தடத்திலிருந்து சற்று விலகி ஓர் இலையின் ஓரத்தில் இருந்தது. வயிற்றின் பின்முனையில் இரண்டு கறுப்புப் புள்ளிகள், எறும்பின் கண்கள் மாதிரியே. அதாவது இதன் பின்பக்கம்தான் எறும்புத் தலையாக வேடம் போடுகிறது! மருந்து பட்ட எறும்பு சாகும்போது வெட்டிவெட்டி இழுக்குமே, அப்படித் துடித்துக்கொண்டிருந்தது. என்னவென்று பார்க்க ஒரு முசுறு கிட்டே வந்தது. வந்த எறும்புக்குப் பிடரியில் கடி. அடுத்த கணம் இரையைக் கவ்வியபடியே இலையை விட்டுக் குதித்து, நூலில் தொங்கியது சிலந்தி. மேலே ஓடிக்கொண்டிருந்த மற்ற எறும்புகளுக்கு நடந்தது எதுவும் தெரியவில்லை. கடித்ததைவிட இந்தத் தொங்கலைத்தான் நான் பெரிய சாமர்த்தியம் என்பேன். அத்தனை எறும்புகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட முடியுமா என்ன?

வேறு யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள். படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

*

நல்ல பதிவு அண்ணா. படம் போடப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முசுறு வேடம் போடும் சிலந்தி இது ஒன்று மட்டுமல்ல. மிர்மராக்னே பிளாட்டாலியாய்டெஸ் என்று பழைய பட்டியல்களில் இருப்பது (இப்போது மிர்மபிளாட்டா பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள்) குதிக்கும் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. எங்கள் முந்திரித் தோப்பில் இதுதான் அதிகம் கண்ணில் படும். இடுப்பு ஒடுங்கி, நீளமாக, அமிசியேயாவைவிட அச்சாக எறும்பு மாதிரியே இருக்கும். ஆண் என்றால் வாய்க்கொடுக்கு முன்னால் நீண்டிருக்கும்; ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் தெரியும். ஆனால் அது முசுறைத் தின்னப் போவதில்லை. முசுறுக்குப் பயந்து மற்ற பிராணிகள் ஒதுங்குமே, அந்தப் பாதுகாப்புதான் அதற்குத் தேவை. வேடம் ஒன்று, பிழைப்பு வேறு.

சந்தேகம் வந்தால் கண்ணைப் பாருங்கள். குதிக்கும் சிலந்திக்கு முன்னால் இரண்டு பெரிய கண்கள் கார் விளக்கு மாதிரி இருக்கும். அமிசியேயாவுக்கு எட்டுக் கண்களும் சிறியவை, இரண்டு வரிசையில் இருக்கும். முன்னிரு இணைக் கால்கள் நீண்டு பக்கவாட்டில் விரியும். பூவில் பதுங்கியிருக்கும் வெள்ளை, மஞ்சள் நண்டுச் சிலந்திகளோடு இதைத் தோமிசிடே குடும்பத்தில் சேர்த்திருப்பது இப்படிப்பட்ட அடையாளங்களை வைத்துத்தான். மொத்த உருவத்தை நம்பி வகைப்படுத்தினால் எறும்பு ஏமாறுகிற மாதிரி நாமும் ஏமாற வேண்டியதுதான்.

பெயர் வைத்த கதையும் கொஞ்சம் சுற்றல். 1873இல் ஆங்கிலேயச் சிலந்தி ஆய்வாளர் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் இதை விவரித்தபோது பேரினத்துக்கு அமிக்ளே என்று பெயரிட்டார். அந்தப் பெயரை ஏற்கெனவே ஒரு பூச்சி எடுத்துக்கொண்டிருந்தது. ஒரே பெயர் இரண்டு விலங்குப் பேரினங்களுக்கு இருக்கக்கூடாது என்பது விதி. எனவே 1885இல் பிரெஞ்சு ஆய்வாளர் யூஜின் சிமோன் அமிசியேயா என்று மாற்றினார்.

*

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே இருப்பது இதன் பங்காளி, அமிசியேயா லினியாடிபெஸ். 1901இல் விவரித்ததும் அதே பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ்தான். சுமத்ராவிலும் உண்டு. பூங்காவில் கெரெங்கா (முசுறுக்கு மலாய்ப் பெயர்) ஏறி இறங்கும் கைப்பிடிக் கம்பியில் பார்த்தேன். நீங்கள் சொன்ன அதே துடிப்பு நடிப்பு. போன் கேமராவை எடுப்பதற்குள் கம்பியின் அடிப்பக்கம் போய்விட்டது.

*

குவீன்ஸ்லாந்து. இங்கே முசுறின் வயிறு பச்சை! இனம் என்னவோ அங்கே இருக்கும் அதே ஈகோஃபில்லா ஸ்மராக்டினாதான். அதை வேட்டையாட இங்கேயும் ஓர் அமிசியேயா உண்டு: அல்போமாகுலாட்டா, நியூகினியிலும் இருக்கிறது. நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. வீட்டுக் கொல்லையில் கூடுகளுக்குக் குறைச்சல் இல்லை, பார்ப்போம்.

*

மேலே கண்களைப் பற்றி எழுதியவன்தான் மறுபடி வந்திருக்கிறேன். சிங்கப்பூர், குவீன்ஸ்லாந்து நண்பர்கள் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகிறது. ஃபோர்டிசெப்ஸ் இந்தியாவிலிருந்து சீனா, மலேசியா வரை பதிவாகியிருக்கிறது. அதற்கப்பால் தெற்கே அதன் பங்காளிகள். இன்னொன்று மேற்கு ஆப்பிரிக்காவில்: ஹெஸ்பெரியா, 1895இல் சிமோன் பெயரிட்டது. நடுவில் இவ்வளவு பெரிய இடைவெளி எப்படி என்று கேட்டால் முசுறைப் பாருங்கள். ஈகோஃபில்லாவில் இன்று உயிரோடு இருப்பவை இரண்டே இனங்கள். ஒன்று ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவின் வடக்கிலும். மற்றது, லாங்கினோடா, சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில். இடையிலுள்ள அரபுப் பாலைவனத்தில் எறும்பும் இல்லை, அதை நம்பிப் பிழைக்கும் சிலந்தியும் இல்லை.

எனவே முசுறு ஏறாத மலை உச்சியிலோ மரமில்லாத வறண்ட வெளியிலோ இதைத் தேடுவது வீண் வேலை. அதேசமயம் முசுறு இருந்தும் சிலந்திப் பதிவு இல்லாத இடங்களை வெற்றிடம் என்று எண்ணவும் எனக்கு மனம் வரவில்லை. கடிக்குப் பயந்து யாரும் நின்று பார்க்கவில்லை என்பதே என் ஊகம். படம் எடுப்பவர்கள் மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று எடுங்கள். பக்கத்தில் ஓடும் எறும்பையும் சேர்த்து எடுத்தால் இன்னும் நல்லது. கூட்டை மட்டும் பிரிக்காதீர்கள். சிலந்தி வெளியேதான் இருக்கும்.