காலா, ‘ர’வா? முதியோர் வகுப்பில் ஒரு சிக்கல்

திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்தில், புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலராகப் பாடம் எடுக்கிறேன். 14 பேர். எல்லாருமே நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காக்கள், 50 வயதுக்கு மேல். 200 மணி நேரத்தில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. தனி எழுத்துகளில் தடங்கல் இல்லை. கொம்பும் (ெ) துணைக்காலும் (ா) சேர்ந்து வந்தால்தான் தகராறு. ‘கொடி’யை ‘கெரடி’ என்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அச்சில் காலும் ‘ர’வும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன!

துணைக்காலை மட்டும் சிவப்பு சாக்பீஸில் எழுதினேன். பலகையில் டக்கென்று படித்தார்கள். புத்தகத்தைத் திறந்ததும் மறுபடி ‘கெரடி’. எழுத்து அட்டை, ரேஷன் கார்டு, பஸ் போர்டு எல்லாம் பார்த்தாச்சு. கண்ணாடியும் போட்டாச்சு.

கலர் இல்லாமல், கறுப்பு எழுத்திலேயே இந்த வித்தியாசத்தைப் பெரியவர்களுக்குப் பிடிபட வைத்தவர்கள் யாராவது இருந்தால், எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள்?