பவுன் காசு: தங்கம் நல்லதாக இருந்தாலும் காசு நல்லதா?

கடையில் 8 கிராமைச் சவரன் என்கிறோம். அந்தப் பெயருக்கு மூலமான பிரிட்டிஷ் சாவரின் காசு 8 கிராம் கிடையாது, 7.988 கிராம்தான். 22 காரட், அதாவது சுத்தத் தங்கம் 7.322 கிராம். குறுக்களவு 22.05 மி.மீ. 1817 முதல் இந்தக் கணக்கு மாறவில்லை. புழங்கித் தேய்ந்த காசு 7.94 வரை இறங்கலாம். 7.938 கிராமுக்குக் கீழே போனதை அந்தக் காலத்திலேயே செல்லாக் காசாக ஒதுக்கினார்கள். உங்கள் கைக்கு வந்த காசுகளில் எடை எந்தப் பக்கம் தப்பியது, ஏன் என்று எழுதுங்கள்.

—

கூடுதலாகத் தப்புவதுதான் நம் பக்கம் அதிகம். 8.05, 8.10 என்று காட்டினால் முதலில் ராஜா தலைக்கு நேர் மேலே, விளிம்பைப் பாருங்கள். வளையம் வைத்துப் பதக்கமாகவோ மாலையாகவோ போட்ட காசில் பொடி வைத்து ஊதிய, அதாவது பற்றவைத்த, தடம் அங்கேதான் தங்கும். வளையத்தை எடுத்து ராவியிருந்தால் விளிம்பின் வரிகள் அந்த இடத்தில் மட்டும் மழுங்கிப்போயிருக்கும். காசைச் சாய்த்து, ஒரு சுற்று முழுக்க உருட்டிப் பாருங்கள். நேராக வைத்துப் பார்த்தால் தெரியாது. பொடி ஏறிய காசுக்குத் தங்க விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம், எவ்வளவு அபூர்வ வருடமானாலும்.

—

எடை சரியாக இருந்தால் அடுத்தது தண்ணீர்ச் சோதனை. 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி முழுக்க அமிழ்த்துங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. 0.45 அல்லது 0.46 வரவேண்டும். காசின் எடையை அதால் வகுத்தால் வரும் அடர்த்தி 17.5 பக்கம் நிற்கும். 0.48 வந்தால் 16.6 ஆகிவிடும், சந்தேகம்தான். ஆனால் அதற்கு முன் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டால் குமிழி நிற்காது. அரைச் சாவரின் 3.994 கிராம்தான் என்பதால் பிழை இரட்டிப்பாகும். அதற்கு 0.001 கிராம் தராசு இல்லாமல் முடிவு சொல்லாதீர்கள்.

—

மேலே சொன்ன எல்லாம் தேறியும் காசு போலியாக இருக்கலாம். சாவரினுக்குத் தங்க விலையைவிடக் கூடுதல் விலை கிடைத்த காலத்தில், பெய்ரூத் பக்கம் நிஜத் தங்கத்திலேயே போலிகளை அடித்தார்கள். எடையும் அடர்த்தியும் அவற்றைக் காட்டிக்கொடுக்காது, 10 மடங்கு லென்ஸ்தான் காட்டும். எழுத்தின் ஓரம் கூர்மையாக இல்லாமல் சோப்புக்கட்டி மாதிரி உருண்டிருக்கும். காசின் வெற்றுப் பரப்பில் சின்னச் சின்னப் பொட்டு மேடுகள் தெரியும். வருடத்துக்குப் பக்கத்திலுள்ள பி.பி. என்ற எழுத்துகள் (வடிவத்தைச் செதுக்கிய பெனடெட்டோ பிஸ்ட்ருச்சியின் பெயரெழுத்துகள்) கலங்கியிருக்கும்.

1917 லண்டன் காசுக்கு இரட்டிப்புக் கவனம் வேண்டும். 10 லட்சத்துக்கு மேல் அடித்தும் பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டதால் அபூர்வம், அதனால் போலியும் ஏராளம். லண்டன் காசில் சாலை எழுத்து, அதாவது அடித்த நாணயச்சாலையைக் குறிக்கும் எழுத்து, இருக்காது. அதே வருடத்து பெர்த், சிட்னி, மெல்பர்ன் காசுகள் எளிதில் கிடைப்பவை. எனவே எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் சுரண்டல் தெரிகிறதா என்று பாருங்கள்.

—

அந்த இடம் எது என்பதையும் சொல்லிவிடலாம். 1887 முதல் வந்த ஜார்ஜ்–டிராகன் காசுகளில் (டிராகனைக் கொல்லும் புனித ஜார்ஜ் உருவம் பொறித்தவை), வருடத்துக்கு மேலே உள்ள தரைக்கோட்டின் நடுவில் இருக்கும். எஸ் சிட்னி, எம் மெல்பர்ன், பி பெர்த், சி ஒட்டாவா, எஸ்ஏ பிரிட்டோரியா. 1918 காசில் ஐ என்றால் பம்பாய். பம்பாயில் அடித்தது அந்த ஒரே வருடம்தான். விக்டோரியா ராணியின் இளவயது முகம் உள்ள இளம்தலைக் காசில் இடம் வேறு: பின்பக்கம் ஜார்ஜ் என்றால் ராணியின் கழுத்துக்குக் கீழே, பின்பக்கம் கேடயம் என்றால் அதைச் சூழ்ந்த இலை மாலைக்குக் கீழே. 1863 முதல் 1874 வரை லண்டனில் அடித்த பெரும்பாலான கேடயக் காசுகளில் மாலைக்குக் கீழே ஒரு சிறு எண்ணும் இருக்கும், அது காசை அடித்த அச்சின் எண். அதைச் சாலை எழுத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

—

வடிவத்தைப் பற்றி ஒரு சொல். பிஸ்ட்ருச்சி 1817இல் செதுக்கிய ஜார்ஜின் கையில் ஒடிந்த ஈட்டி. சுற்றிலும் கார்ட்டர் பட்டை (பிரிட்டனின் ஒரு வீரப்பட்டத்தின் சின்னம்). 1821இல் பட்டை போய், ஈட்டி வாளாயிற்று. பிறகு கேடயம் வந்து, 1871இல்தான் ஜார்ஜ் திரும்பினார். பட்டை இருந்த முதல் வடிவம்தான் மிக அழகு. குதிரையின் பாய்ச்சலை அந்த வட்டம் அடக்கிப் பிடிக்கிறது. சிட்னி 1855 முதல் 1870 வரை அடித்த தனி வடிவக் காசையும் விட்டுவிடாதீர்கள், ஆஸ்திரேலியா என்ற பெயர் அதில் பொறித்திருக்கும்.

—

வாங்கிய பிறகு புளி, பூந்திக்கொட்டை, மெருகுப்பொடி எதையும் தொடாதீர்கள். தேய்த்த கோடுகள் வெளிச்சத்தில் ஒரே திசையில் மின்னும், சேகரிப்பவர் அந்தக் காசைத் தொடமாட்டார். செம்புப் புள்ளி இருந்தால் இருக்கட்டும். பசைப்பிசுக்கு மட்டும் இருந்தால் சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் ஊறவைத்து, துடைக்காமல் உலரவிடுங்கள். பி.வி.சி. உறையிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். 22 மி.மீ. காசுக்கென்று விற்கும் கெட்டிக் கேப்ஸ்யூல் போதும். எப்போதும் விளிம்பில் பிடியுங்கள், முகத்தில் விரல் வேண்டாம்.