2.4 மீட்டர் டகோட்டா, கண்ட்ரோல் லைன்ல முடியுமா? பெல்கிராங்க், லைன் பத்தி கேள்வி

லெனேசியா_பால்சா:
எல்லாருக்கும் வணக்கம். இதுவரைக்கும் கண்ட்ரோல் லைன்ல (ரெண்டு ஸ்டீல் கம்பியைக் கையில பிடிச்சு பிளேனை நம்மளைச் சுத்தி ஓட்டறது) 35 சைஸ் (0.35 கன இஞ்சு) இஞ்சின் போட்ட ஸ்டண்ட் பிளேன்தான் கட்டி ஓட்டிட்டு இருக்கேன். இப்போ ரொம்ப நாள் ஆசை ஒண்ணு, நம்ம தென்னாப்பிரிக்க ஏர்ஃபோர்ஸ் டகோட்டா பிளேனோட மாடலை பெருசா கட்டணும். நிஜ டகோட்டாவுக்கு ரெக்கை கிட்டத்தட்ட 29 மீட்டர், 12-ல ஒரு பங்குன்னு எடுத்தா 2.4 மீட்டர் வருது, எடையை 6 கிலோவுல நிறுத்திடலாம்னு நினைக்கிறேன். ரெண்டு எலக்ட்ரிக் மோட்டார். ரேடியோவுல பண்ணுன்னு வீட்டுலயும் வெளியிலயும் சொல்றாங்க, ஆனா எனக்கு கையில அந்த இழுவை தெரியணும், அது இல்லாம பறக்க விடறதுல மனசு ஒட்டல. ஒரே ஆளு பிடிச்சு நிக்க முடியுமா? லைன் என்ன தடிமன்? பெல்கிராங்கை (லைன் அசைவை வால்ல இருக்கிற எலிவேட்டருக்குக் கொண்டு போற நெம்புகோல்) எப்படி மாட்டறது? அப்புறம் ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) உயரத்துல மோட்டார் பவர் பத்துமா?

ஃபீனிக்ஸ்_லைன்:
தம்பி, டகோட்டா நல்ல சாய்ஸ், தாராளமா கட்டு. பிடிக்க முடியுமான்னு கேட்டியே, அதுக்கு கணக்கே இருக்கு. எடையை (கிலோ) வேகத்தோட (செகண்டுக்கு மீட்டர்) வர்க்கத்தால பெருக்கி, ரேடியஸால (மீட்டர்) வகுத்து, அதை 9.8-ஆல வகுத்தா இழுவை கிலோவுல வந்துடும். 6 கிலோ பிளேன், மணிக்கு 80 கிலோமீட்டர், கையில இருந்து பிளேன் நடு வரைக்கும் 22 மீட்டர்னு வெச்சா சுமார் 14 கிலோ இழுவை. பெரிய மீலி மீல் (மக்காச்சோள மாவு) மூட்டை ஒண்ணு உன் கையை விடாம பக்கவாட்டுல இழுத்துக்கிட்டே இருக்கிற மாதிரி. முடியும், ஆனா ஃப்ளைட்டை நாலஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிச்சுடு. ஒரு ரவுண்டுக்கு ஆறு செகண்டுக்கு மேல ஆகும், ஸ்டண்ட் பிளேன் மாதிரி அவசரமே இருக்காது, பாக்கவும் அவ்வளவு அழகா இருக்கும்.

பெரிய பிளேன்ல எல்லாரும் ரெக்கை ஒடியுமான்னுதான் பயப்படுவாங்க, நான் பாத்த வரைக்கும் முதல்ல விட்டுப் போறது பெல்கிராங்க் மவுண்டு. ப்ளைவுட் துண்டை ரிப் (ரெக்கையோட குறுக்குச் சட்டம்) மேல ஒட்டி அதுல போல்ட் போட்டு விட்டுடறாங்க, மொத்த இழுவையும் அந்த பசைக் கோட்டுல வந்து நிக்குது. அப்படி பண்ணாதே. 6 மில்லி பர்ச் ப்ளைவுட்டை ரெண்டு ரெக்கை ஸ்பாருக்கும் (நீளவாட்டுச் சட்டம்) குறுக்கே ஓடற மாதிரி வெட்டு, ஸ்பாருக்குள்ள காடி எடுத்து எபாக்ஸி போடு, பிவட் போல்ட்டை மேலயும் கீழயும் பிளேட் வெச்சுப் பிடி, ஒரு பக்கம் மட்டும் பிடிச்சா போல்ட் சாஞ்சு பெல்கிராங்க் இறுகிக்கும். பெல்கிராங்க் 4 இஞ்சுக்கு குறையக்கூடாது, ஏன்னா அந்த பெரிய எலிவேட்டரைத் திருப்பற பலம் முழுக்க லைன் இழுவையில இருந்துதான் வருது, உன் மணிக்கட்டு பலம் இல்ல.

லைன் விஷயம். 0.46 மில்லி எல்லாம் 60 சைஸ் ஸ்டண்டுக்கு, இதுக்கு அதைவிட தடியா வேணும். ரீல் மேல பிரேக்கிங் ஸ்ட்ரெங்த் போட்டிருப்பான், அதைப் பாத்து வாங்கு. புல் டெஸ்ட் (பறக்கறதுக்கு முன்னாடி லைனை இழுத்துப் பாக்கறது) எடையில பத்து மடங்கு, அதாவது உனக்கு 60 கிலோ. பிளேனை ரெண்டு பேர் பாடியோட பிடிச்சுக்கணும், ஹேண்டில் பக்கம் தொங்கு தராசு மாட்டி மெதுவா ஏத்தணும். ஒவ்வொரு தடவை கிரவுண்டுக்குப் போகும்போதும் பண்ணு, முதல் நாள் மட்டும் இல்ல.

சென்சூரியன்_அக்கா:
அண்ணன் சொன்ன 14 கிலோ டர்பன் கணக்கு, அதாவது கடல் மட்டத்துக்கு. தம்பி இருக்கிற லெனேசியா கடல் மட்டத்துல இருந்து 1,500 மீட்டருக்கு மேல, காத்து அடர்த்தி ஏறக்குறைய ஆறுல ஒரு பங்கு குறைவு. அதே ரெக்கை அதே எடையைத் தூக்கணும்னா சுமார் 9 சதவீதம் வேகமா போகணும், இழுவை வேகத்தோட வர்க்கத்துல ஏறுது, அதனால தம்பி கையில 16 கிலோவுக்கு மேல வரும். லைன் வாங்கும்போது அந்த நம்பரை வெச்சுப் பாருங்க.

பவர் பத்தி கவலை வேண்டாம். கிளோ இஞ்சின் (மெத்தனால்ல ஓடற மாடல் இஞ்சின்), பெட்ரோல் இஞ்சின் ரெண்டும் இங்க மூச்சு வாங்கும், எலக்ட்ரிக் மோட்டாருக்கு அந்தப் பிரச்சினை இல்ல, ப்ரொப்பெல்லர்தான் மெல்லிசு காத்துல கம்மியா தள்ளும். ஒரு இஞ்சு பெரிய ப்ரொப் போட்டு வாட் மீட்டர்ல கரண்ட் பாத்துக்கோங்க. ரெண்டு மோட்டாரையும் ஒரே டைமர்ல கட்டுங்க, இது ரொம்ப முக்கியம். வெளிப்பக்க மோட்டார் மட்டும் ஓடினா மூக்கு வட்டத்துக்குள்ள திரும்பும், லைன் தொய்ஞ்சுடும், அப்புறம் கண்ட்ரோலே கிடையாது. உள்பக்க மோட்டார் தனியா ஓடினா மூக்கு வெளியே திரும்பும், லைன் டைட்டாவே இருக்கும். கிளோ இஞ்சின் போடறவங்க அதனாலதான் உள்பக்க டேங்க்ல கொஞ்சம் கூட ஊத்துவாங்க.

வெயில் காலத்துல மத்தியானத்துக்கு மேல இங்க லைன் விரிக்காதீங்க ப்ளீஸ். இடி எங்கயோ தூரத்துல கேக்குதேன்னு ஸ்டீல் கம்பியைப் பிடிச்சுட்டு வெட்டவெளியில நிக்கிற ஆளுங்களைப் பாத்தா எனக்கு வயித்தைக் கலக்குது. கரண்ட் கம்பி பக்கத்துல ஓடற கிரவுண்டும் அப்படியே விட்டுடுங்க, இதுல பேச்சே இல்ல.

லெனேசியா_பால்சா:
அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. உயரத்தால இழுவை கூடும்னு எனக்கு தோணவே இல்ல. சாக்கர் கிரவுண்டு பத்துமா? எடையைக் குறைக்க ரெக்கையை ஃபோம்ல பண்ணலாம்னு ஒரு யோசனை, பால்சா விலை தாங்கல.

சென்சூரியன்_அக்கா:
ஃபோம் பண்ணலாம். ஹாட் வயர்ல வெட்டி, பிரவுன் பேப்பரை தண்ணி கலந்த வெள்ளை பசையில நனைச்சு மேல ஒட்டினா காஞ்சதும் நல்லா விறைப்பாயிடும். ஆனா அண்ணன் சொன்ன ஸ்பாரையும் ப்ளைவுட்டையும் விட்டுடாதீங்க, ஃபோம் இழுவையைத் தாங்காது. வெளி ரெக்கை நுனியில வெயிட் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒரு சின்ன பெட்டி, லீட் அவுட்டை (பெல்கிராங்க்ல இருந்து ரெக்கை நுனி வழியா வெளிய வர்ற கம்பி) முன்ன பின்ன நகர்த்தற மாதிரி ஒரு ஸ்லைடர், இந்த ரெண்டையும் இப்பவே வெச்சு மூடுங்க, பேப்பர் ஒட்டினதுக்கு அப்புறம் அறுக்கிறது கொடுமை.

ஃபீனிக்ஸ்_லைன்:
சாக்கர் கிரவுண்டு அகலம் 68 மீட்டர் இருந்தா பத்தும், உன் வட்டம் 47 மீட்டர் சொச்சம்தான். பாக்க வர்றவங்களை கோல்போஸ்ட் பக்கம் நிறுத்து. காத்து உன் முதுகுல அடிக்கணும், பிளேன் எதிர்ல இருக்கணும், அந்த இடத்துல டேக் ஆஃப் பண்ணா காத்தே லைனை இழுத்துப் பிடிக்கும். ஹேண்டில்ல இருந்து மணிக்கட்டுக்கு கயிறு கட்டாம ஒரு ரவுண்டு கூட போகாதே.

லைனுக்கு இங்க டர்பன்ல ஃபிஷிங் கடையில சுறாவுக்கு விக்கிற ஏழு இழை ஸ்டீல் ட்ரேஸ் (தூண்டில் கம்பி) நல்லா வேலை செய்யும், நைலான் கோட்டிங் இல்லாததா கேட்டு வாங்கு, கோட்டிங் இருந்தா தடிமன் ஏறி காத்தைப் பிடிக்கும், உள்ள துரு இருக்கறதும் தெரியாது. நுனியில லூப் போட்டு சுத்தற இடத்துலதான் இழை முதல்ல அறும். நகத்தை வெச்சு மெதுவா தடவிப் பாரு, ஒரே ஒரு இழை குத்தினாலும் அந்த லைனை வெட்டிப் போட்டுடு. உனக்கு வேணும்னா அடுத்த தடவை நான் வாங்கும்போது ஒரு ரீல் சேத்து வாங்கி பக்கில (பிக்கப் வண்டி) ஏறி வர்ற யார்கிட்டயாவது குடுத்து விடறேன், மெசேஜ் போடு.